பேப்பர் ரூமில் காய்ந்த புறாக்கள்

எங்கள் சமையல்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். கல்யாணப் பந்தியைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "அதெல்லாம் எல்லாரும் எழுதுறதுதாண்ணே. நீங்க அந்தப் புறாவை எழுதுங்க" என்றார்.

எழுத வேண்டிய கட்டாயமும் எனக்கு இருக்கிறது. இப்போது சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியில்கூட 'சைனீஸ் கிரிஸ்பி புறா' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டால் சுப்பையா அண்ணன் முறை என்கிறார்களாம். போய்ப் பார்த்தேன். காடையைச் சோளமாவில் முக்கிச் சிவப்புக் கலர் போட்டுப் பொரிக்கிறார்கள். இன்னும் சிலர் நான் சீனாவுக்கே போய்ப் படித்துவிட்டு வந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். நான் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. சென்னையிலும் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டைத்தான் பார்த்தேன்.

சாத்தூர் ரோட்டில் உள்ள ஒரு அச்சுக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் சமையல்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். தொழில் படித்தது விருதுநகரில், எண்ணெய்ப் பரோட்டாக் கடையில். கல்லின் நடுக்குழியில் கொதிக்கும் எண்ணெயில் பரோட்டாவைப் போட்டு, கரண்டியால் எண்ணெயை மொண்டு மொண்டு அதன் மேல் ஊற்ற வேண்டும். அந்தக் கடை மாஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது மொத்தமே அவ்வளவுதான். பிறகு கொஞ்ச காலம் கல்யாண வேலைகள். ஒரு கல்யாணத்தில் நான் வைத்த மட்டன் சுக்காவைத் தின்றுவிட்டுத்தான் முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதையும் நேராகச் சொல்லவும் மாட்டார், கேள்வியாகத்தான் கேட்பார். சாப்பாடு நன்றாக இருந்தால், "எண்ணெய் எந்தக் கடையில வாங்குனது?" என்பார். மோசமாக இருந்தால், "ஏம்ப்பா சுப்பையா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்டால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. மிஷின் ஓட்டுகிறவர்களிடமும் அப்படித்தான். ஒருவர் தாமதமாக வந்தால், "வர்ற வழியில பாலம் கீலம் விழுந்துருச்சா?" என்பார். திட்டு வாங்கியது போலவும் இருக்கும், வாங்காதது போலவும் இருக்கும்.

அண்ணாச்சிக்கு அச்சுக் கம்பெனி தவிர ஒரு பட்டாசுக் கம்பெனியிலும் பங்கு உண்டு. சீனப் பட்டாசு திருட்டுத்தனமாக வருவதைப் பற்றிப் பேச்சு வந்தால், கேள்வி கேட்பதைக்கூட நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்டவர் அச்சு மிஷினைச் சீனாவிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. விலையில் அவ்வளவு வித்தியாசம். மிஷின் வந்து இறங்கியபோது பெட்டியின் மேல் இருந்த சீன எழுத்துகளைச் சாக்கு போட்டு மூடச் சொன்னார். சாக்கு போட்டு மூடியதால்தான் ஊருக்கே தெரிந்தது.

தினசரி காலண்டர் சீசன் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தபோது அந்த மிஷின் தகராறு செய்தது. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் படம் தெளிவாக வரும். இதில் ஒரு கலர் மட்டும் நழுவி நழுவி உட்கார்ந்தது. அட்டைக்கு அடித்த முருகனுக்கெல்லாம் ரெண்டு மூக்கு. நம் ஊர் மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். சீனாவிலிருந்து ஒரு என்ஜினீயரை வரவழைத்தார் அண்ணாச்சி.

வந்தவர் பெயர் லின். வாட்ச்மேன் முதல் நாளே அவரை 'லிங்கம் சார்' ஆக்கிவிட்டார். பிறகு எல்லோருக்கும் அதுவே பெயராயிற்று. நடுத்தர வயது, நல்ல மனிதர். எங்களுக்குள் பேச்சுக்கு அவருடைய கைபேசிதான். அவர் சீனத்தில் பேசுவார், அது ஒரு பெண் குரலில் தமிழில் சொல்லும். நாம் தமிழில் பேசினால் அவர் பாஷையில் சொல்லும்.

சாப்பாட்டில்தான் சிக்கல். ரசத்தை மருந்து என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கோழிக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவித்த முட்டையும் வாழைப்பழமும்தான் இறங்கின. ஒரு காலையில் பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டார். கைபேசி அமைதியாகச் சொன்னது: "என் வயிறு ராஜினாமா செய்கிறது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா சுப்பையா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

எனக்கு அவமானமாகப் போயிற்று. லிங்கம் சாரின் முன்னால் போய் நின்று, "உங்களுக்கு என்னதான் வேணும், சொல்லுங்க, செஞ்சு தாரேன்" என்றேன். அவர் மிக மெதுவாக, பிரியமான ஒருவரின் பெயரைச் சொல்வது போல ஏதோ சொன்னார். கைபேசி சொன்னது: "உடையும் தோல் பால் புறா."

பால் புறா என்றால் என்ன நினைப்பீர்கள்? சந்தையில் ஒரு புறாவை வாங்கி, சுத்தம் செய்து, பசும்பாலில் வேகவைத்து, முந்திரி அரைத்து ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டு மேசையில் வைத்தேன். லிங்கம் சார் மூடியைத் திறந்தார், திரும்ப மூடினார். அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குப்பா குழந்தை பொறந்திருக்கு?" என்றார்.

லிங்கம் சார் பெட்டியைத் தூக்கவில்லை. எனக்காக இரக்கப்பட்டார் என்று நினைக்கிறேன். கைபேசியில் ஒரு படம் காட்டினார். அவர் வீட்டுச் சமையலறையில் அவர் மனைவி எடுத்துவைத்த வீடியோ. அதைப் பார்த்து, கைபேசியிலும் கேட்ட பிறகுதான் விளங்கியது. பால் புறா என்றால் பால் ஊற்றிச் செய்வது அல்ல. தாய்ப் புறா தொண்டையிலிருந்து ஊட்டுகிற வயசில், பறக்கத் தொடங்காத குஞ்சு. உடையும் தோல் என்றால் மொறுமொறுவென்று அப்பளம் போல நொறுங்கும் தோல். அதை அந்த அம்மாள் மசாலா வெந்நீரில் வேகவைத்து, மேலே எதையோ பூசி, காற்றில் தொங்கவிட்டு, பிறகு வாணலிக்கு மேலே பிடித்துக்கொண்டு கரண்டியால் எண்ணெயை மொண்டு மொண்டு ஊற்றினார். எங்கள் பரோட்டாக் கல்லில் செய்கிற அதே வேலை.

குஞ்சுப் புறாவுக்கு எங்கே போவது? சாத்தூரில் என் மச்சினன் கருப்பசாமி பந்தயப் புறா வளர்க்கிறான். போய்க் கேட்டேன். முதலில் சிரித்தான். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் கூண்டுகளுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, இதோட தாத்தா எங்கன இருந்து பறந்து வந்துச்சு தெரியுமா உங்களுக்கு? அக்கா மொகத்துக்காகப் பாக்குறேன். போயிருங்க."

கடைசியில் ஆலங்குளத்தில் ஆள் கிடைத்தது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கறிக்கென்றே புறா வளர்த்தார். எங்கள் பக்கத்தில் வாதம் வந்து கை கால் விழுந்தவர்களுக்குப் புறாக் கறி கொடுப்பார்கள். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாம் அப்படிப்பட்டவர்கள்தான். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

"யாருக்குங்க?" என்றார். "எங்க முதலாளி வீட்டுக்கு, சிவகாசி தங்கப்பழம் அண்ணாச்சி" என்றேன். "அடப் பாவமே" என்றார். முதலாளி பணக்காரர், அவருக்கு என்ன பாவம் என்று நினைத்துக்கொண்டே கூண்டுகளைப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு வரிசை, இடது பக்கம் ஒரு வரிசை.

"எந்தப் பக்கம்?" என்றார் அவர்.

"ரெண்டு பக்கமும்தான்" என்றேன்.

அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, இருப்பதிலேயே கொழுத்த குஞ்சுகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். "தைரியமா இருக்கச் சொல்லுங்க" என்று பஸ் ஸ்டாப் வரை வந்து வழியனுப்பினார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் குஞ்சை என் வீட்டில்தான் செய்து பார்த்தேன். என் மனைவி பேச்சியம்மாள் அடுப்படிக்குள் விடவில்லை. "தம்பி வளக்குறத நீங்க பொரிப்பீகளோ. கொல்லையில வச்சுக்கோங்க" என்றாள். கொல்லையில் விறகடுப்பு மூட்டினேன். இஞ்சி, அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வாங்கிய சோயா சாஸ், உப்பு, கொஞ்சம் சீனி போட்டு நீரைக் கொதிக்கவைத்து, அதில் குஞ்சை இறக்கினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குஞ்சு உள்ளே போன பிறகு நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொதித்தால் தோல் கிழியும். தோல் கிழிந்தால் எண்ணெய் உள்ளே போய்க் கறி சக்கையாகிவிடும். ஓரத்தில் மட்டும் லேசாக முத்து முத்தாகக் குமிழி விட வேண்டும். அப்புறம் அடுப்பை அணைத்து மூடி போட்டு அந்தச் சூட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

மேலே பூச அந்த அம்மாள் ஏதோ தானியத்தில் காய்ச்சிய பாகு வைத்திருந்தார். நம் ஊரில் அது இல்லை. கருப்பட்டிப் பாகு பூசினேன். எண்ணெய் பட்டதும் குஞ்சு கரியாகிவிட்டது. பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "ஈமச் சடங்கு முடிஞ்சுருச்சா?" என்றாள். அடுத்ததற்குத் தேனும் வினிகரும் சுடுநீரில் கலந்து பூசினேன். நிறம் வந்தது, நல்ல தாமிர நிறம். ஆனால் கடித்தால் தோல் ரப்பர் போல இழுத்தது. வானத்தைப் பார்த்தேன். ஐப்பசி மழை நசநசவென்று பிடித்துக்கொண்டிருந்தது. பிழை அடுப்பில் இல்லை. தோல் காயவே இல்லை. வருஷம் முழுக்க வெயிலில் வேகிற ஊர், எனக்கு வேண்டிய வாரத்தில் ஈரமாய்க் கிடந்தது.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த வாரம் அது. லிங்கம் சார் மிஷினுக்கு அடியில் படுத்து எழுந்து, சாப்பிடாமல் முகம் வெளிறிப் போயிருந்தார். அன்றைக்குச் செய்தே ஆக வேண்டும் என்று மிச்சக் குஞ்சுகளை வேகவைத்துப் பாகு பூசிவிட்டேன். எங்கே தொங்கவிடுவது? மொட்டை மாடியில் மழை. ஃபேனுக்கு அடியில் பிடித்தேன், பிசுபிசுப்பு போகவில்லை. லிங்கம் சார் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் பேப்பர் ரூம் கதவைத் திறந்தார்.

பேப்பர் ரூம் என்பது காகிதத்துக்கென்றே உள்ள குளிர் அறை. காகிதம் ஈரம் பட்டால் நெளிந்துவிடும் என்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மிஷின் இரவு பகலாக ஓடும். உள்ளே போனாலே உதடு காய்ந்துவிடும். கைபேசி சொன்னது: "காகிதமும் தோலும் ஒரே எதிரி." ரெண்டுக்கும் ஈரம்தான் எதிரி என்கிறார்.

காகிதக் கட்டுகளிலிருந்து தள்ளி, ஒரு மூலையில் கம்பி கட்டி, குஞ்சுகளைக் கழுத்தோடு மாட்டித் தொங்கவிட்டோம். கீழே தட்டு வைத்தேன். எதிரே ரெண்டு மூக்கு முருகன் அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிற்பகலில் தூத்துக்குடியிலிருந்து ஒரு கார் வந்தது. மொத்த வியாபாரி வேலாயுதம். கம்பெனியின் பெரிய காலண்டர் ஆர்டர் வருஷா வருஷம் அவருடையதுதான். தன்னிடம் சரக்கு எடுக்கும் கடைகளுக்கெல்லாம் முருகன் காலண்டர் கொடுப்பார். கந்த சஷ்டி விரதத்தில் இருந்தார், நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு பை ஆரஞ்சு, ஒரு சத்துமாவு டப்பா, ஒரு பாட்டில் தைலம். முகத்தில் துக்கம்.

மாடியில் ஒழுகுகிற இடத்தைப் பார்க்கப் போயிருந்த அண்ணாச்சி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். வேலாயுதம் அவருடைய காலையே பார்த்தார்.

"நீங்க நடக்கீகளே" என்றார்.

"நடக்கக் கூடாதா?" என்றார் அண்ணாச்சி.

"படுத்துட்டீகன்னு சொன்னாகளே. ரெண்டு பக்கமும் போயிருச்சுன்னு."

"எது ரெண்டு பக்கமும்?"

"ஆலங்குளத்துல புறாக்காரரு மருமகன் நமக்குத்தான் லோடு ஓட்டுறான். அவன்தான் சொன்னான்."

காபித் தட்டோடு நின்ற எனக்கு அந்த நிமிஷம்தான் அந்த 'எந்தப் பக்கம்' விளங்கியது. "அண்ணாச்சி, அது வந்து, நான் கூண்டைத்தான் சொன்னேன்" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "சுப்பையா, காபி ஆறுறதுக்கா கொண்டாந்த?" என்றார் அண்ணாச்சி.

வேலாயுதத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. "உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா சந்தோசம். ஆனா சீசன் பாதியில இருக்கு, இன்னும் எங்க லோடு கெளம்பலை. முடியலைன்னா சொல்லிருங்க, வேற கம்பெனி பாத்துக்கிடுதேன். பேப்பரையாவது கண்ணுல காட்டுங்க" என்று பேப்பர் ரூமைப் பார்த்து நடந்தார். தடுக்கலாமென்று முன்னால் போனேன். கதவை அவரே திறந்துவிட்டார்.

ஒரு பக்கம் முருகன். ஒரு பக்கம் கம்பியில் தொங்கிக்கொண்டு பளபளவென்று புறாக்கள். ஈரம் உறிஞ்சும் மிஷின் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

வேலாயுதம் அட்டையைப் பார்த்தார், புறாவைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார்.

"முருகனுக்கு மயிலு உண்டு. சேவலு உண்டு" என்றார் மெதுவாக. "இது என்னது?"

அண்ணாச்சி இதற்கும் ஒரு கேள்வி கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் என் வேலைக் காலத்திலேயே முதல் தடவையாக நேராகப் பதில் சொன்னார்.

"புறா. மிஷின் பாக்க வந்தவருக்குச் சாப்பாடு. நம்ம சாப்பாடு அவருக்கு ஒத்துக்கிடலை. கெளம்புறேன்னு பெட்டியைக் கட்டிட்டாரு. அவரு போயிட்டா முருகனுக்கு ரெண்டு மூக்குதான். மிஷின் சைனா மிஷின். மழை பெய்யுறதால இங்கன காயப்போட்டிருக்கு. எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லை. மனசுதான் சரியில்லை."

வேலாயுதம் ஓர் அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரெண்டு மூக்கும் தெரிந்தன. கதவோரம் நின்ற லிங்கம் சாரையும் பார்த்தார். அவர் கையில் ஒரு ஸ்பேனரும் பாதி உரித்த வாழைப்பழமும் இருந்தன.

"எம்புட்டு நாளா இவரு பழத்தைத் தின்னுக்கிட்டிருக்காரு?" என்றார்.

வேலாயுதம் அட்டையைத் திரும்ப அடுக்கில் வைத்தார்.

"நான் விரதம். வேணும்னு நெனச்சு இருக்கேன். அவரு ஏன் பட்டினி கெடக்கணும்? மொதல்ல அவருக்குச் சோத்தைப் போடுங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

குஞ்சைச் சுண்டிப் பார்த்தேன். காகிதத்தைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. கெஸ்ட் ஹவுஸ் அடுப்பில் கடலெண்ணெயைக் காயவைத்து, குஞ்சைக் கம்பியில் மாட்டி வாணலிக்கு மேலே பிடித்தேன். எண்ணெயில் போடக் கூடாது, எண்ணெய்தான் அதன் மேல் போக வேண்டும். மொண்டு மொண்டு ஊற்ற ஊற்ற, வெளுத்த மஞ்சள் பொன்னாகி, பொன் தாமிரமாகி, தோல் எங்கும் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பியது. கால் இடுக்கில் கொஞ்சம் அதிகம் ஊற்ற வேண்டும், அங்கேதான் பச்சை நிற்கும். எடுத்து நாலாக வெட்டி, வறுத்துப் பொடித்த மிளகும் உப்பும், எலுமிச்சம்பழத் துண்டும் வைத்தேன்.

லிங்கம் சார் உடனே சாப்பிடவில்லை. கைபேசியில் மனைவியைக் கூப்பிட்டார். திரையில் அந்த அம்மாள் வந்ததும் தட்டைக் காட்டினார். அந்த அம்மாள் ஏதோ கேட்டார், நம்பவில்லை போலிருந்தது. லிங்கம் சார் ஒரு தொடையை எடுத்து, கைபேசியை வாயருகே வைத்துக்கொண்டு கடித்தார். கரக் என்றது. வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த அம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். லிங்கம் சார் இன்னொரு கடி கடித்தார்.

என்னைக் கூப்பிட்டுத் திரையின் முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கரண்டியோடு கும்பிட்டேன். அந்த அம்மாள் நீளமாக ஏதோ சொன்னார். கைபேசியின் பெண் குரல் அதைச் சுருக்கிவிட்டது: "தோல் உடைந்தது எனக்குக் கேட்டது. அவர் மெலிந்திருக்கிறார். இன்னொன்று கொடுங்கள்."

கொடுத்தேன். அண்ணாச்சி வந்து நின்றுகொண்டே ஒரு சிறு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். எண்ணெய் எந்தக் கடை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹாலில் விரதக்காரர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கந்தனை நினைக்க முயன்றுகொண்டிருந்தார்.

சாப்பிட்ட தெம்பில் லிங்கம் சார் மிஷினுக்குள் போனவர், ஏதோ ஒரு உருளையைக் கழற்றி, திருகி, மாட்டினார். மறுநாள் அடித்த அட்டையில் முருகனுக்கு ஒரே மூக்கு. அழகான மூக்கு. வேலாயுதத்தின் ஆர்டர் எங்களிடமே நின்றது.

நான் திரும்ப ஆலங்குளம் போனபோது புறாக்காரர் ஓடி வந்து, "எப்பிடி இருக்காக?" என்றார். உண்மையைச் சொன்னேன், எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எந்திரிச்சு நடக்காகன்னு சொல்லுங்க" என்றார். இன்றைக்கும் அவர் கடையில், ரெண்டு பக்கமும் விழுந்த சிவகாசி முதலாளியை எழுப்பி நடக்கவைத்த புறா என்றுதான் வியாபாரம் நடக்கிறது.

சஷ்டி முடிந்த பிறகு ஒரு மத்தியானம் தூத்துக்குடிக் கார் மறுபடியும் வந்தது. மழை விட்டு நல்ல வெயில். லிங்கம் சார் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கடைசியாகப் பொரித்துக்கொண்டிருந்தேன். வேலாயுதம் இந்தத் தடவை பழமோ தைலமோ கொண்டுவரவில்லை. மிஷின் எப்படி ஓடுகிறதென்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னவர், நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போய் லிங்கம் சாருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மிஷின் அந்தப் பக்கம்லா இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

"ஓடுற சத்தம் இங்கனயே கேக்குதே" என்றார் வேலாயுதம், இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே.